பிடுங்கிய மூன்று மட்டைகள்

கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. பல வருடங்களாக நின்றுபோயிருந்த கார் ஓட்டப் போட்டியை வருகிற ஆவணியில் மறுபடி வேலணைத் தரவை வெளியில் நடத்தப் போகிறீர்கள். இறக்குமதி திறந்துவிட்டது, ஜப்பான் கார்கள் வந்துவிட்டன, உங்களுக்கு அவசரம். எனக்கோ தரவை என்றவுடன் ஒரு மனிதரின் முகம்தான் வருகிறது. அவரை விட்டுவிட்டு நான் வேறு எதை எழுதினாலும் அது புளுகு.

போன மாதப் பயிற்சியில், தடத்தை வெறுங்காலோடு நடந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டீர்கள். கழக விதிகளிலும் அது என் கையெழுத்தோடு இருக்கிறது. உங்களில் ஒருவர், "இதை உங்களுக்கு ஆர் ஐயா சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "அனுபவமுள்ள ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த விஷயத்துக்குத் தாவினேன். மரியாதைக்காகப் பெயரை மறைக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். மரியாதையுமில்லை, மண்ணுமில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளில் எங்கள் ஓட்டத்துக்கென்று தனிக் கார்கள் கிடையாது. சனிக்கிழமை வரை கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஆள் ஏற்றிய ஹயர்க் கார்தான் ஞாயிற்றுக்கிழமை ஓடும். பின்சீற்றைக் கழற்றி வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டு, முன்லைற்றுக்குக் கடதாசி ஒட்டிக்கொண்டு வருவார்கள். திங்கட்கிழமை சீற்றைப் பூட்டிக்கொண்டு அதே கார் மறுபடி ஹயருக்குப் போகும். கார் உடைந்தால் குடும்பம் உடைந்த மாதிரி. அதனால்தான் நிலம் எங்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

தரவை மாரியில் வெள்ளம் நிற்கிற வெளி. கோடையில் காய்ந்து, மேலே உப்புப் பூத்து, சீமெந்து போட்ட முற்றம் போலக் கிடக்கும். ஆனால் சில இடங்களில் அந்தக் காய்ந்த தோலுக்குக் கீழே கறுத்தச் சேறு இருக்கும். எந்த இடத்தில் இருக்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அதைக் கண்டுபிடித்துத் தடம் போட்டுத் தருவதற்கு எங்களிடம் இருந்தவர் ஒரே ஒரு ஆள். மண்டைதீவில் கடற்தொழில் செய்கிறவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆழமில்லாத பரவைக் கடலில் வலையோடு நடந்து நடந்து சேற்றின் குணம் அவருடைய காலுக்குத் தெரியும். எல்லோரும் அவரைத் தரவையண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அச்சடித்த நோட்டீசில் வெற்றிக் கிண்ணம் தந்தவர், தேத்தண்ணி தந்தவர், பந்தல் போட்டவர் எல்லோரும் இருப்பார்கள், அவர் மட்டும் இருக்க மாட்டார். அவரும் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

நான் அப்போது அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞன். கழகத்தில் தடப் பொறுப்பாளர் என்ற பெரிய பெயரைப் புதிதாக வாங்கியிருந்தேன். கையில் ஒரு புத்தகம், காலில் மினுக்கிய சப்பாத்து. முதல்நாள் அவரோடு தடம் பார்க்கப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டும்."

"ஏன் அண்ணை, முள்ளிருக்குமெல்லோ?"

"முள்ளுக் குத்தினால் புடுங்கலாம். சப்பாத்துக்கு ஒண்டும் தெரியாது, அதுதான் கரைச்சல்."

கழற்றினேன். குதிக்காலை ஊன்றி நடக்கச் சொன்னார். ஓரிடத்தில் நின்று, "இஞ்சை என்ன தெரியுது?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "குளிருது, என்ன?" என்றார். அதன் பிறகுதான் தெரிந்தது. நெருப்பாய்க் கொதிக்கிற நிலத்தில் அந்த ஒரு பாய் அகலம் மட்டும் மெல்லக் குளிர்ந்தது. கீழே ஈரம். அந்த இடத்தில் ஒரு பனை மட்டையை நட்டு, அதன் தலையில் பழைய பாய்மரத் துணிக் கிழிசலைக் கட்டினார். மட்டை நின்றால் கார் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதுதான் எங்கள் சட்டம், எழுதாத சட்டம். நாலு வருடம் அந்தச் சட்டத்தோடு ஓடினோம். ஒரு கார்கூடப் புதையவில்லை.

இனி ஐந்தாவது வருடம்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் கிண்ணம் கொடுக்க வருவதாக ஏற்பாடு. அவருக்காக இரண்டாவது வளைவுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் தரவையண்ணை அந்த வளைவில், பந்தலுக்கு நேர் முன்னால், வரிசையாக மூன்று மட்டையை நட்டார். தடம் சட்டென்று உள்ளே ஒடுங்கியது. ஒரு கார் மட்டும் மெல்லப் போகலாம்.

"அண்ணை, போன வருசம் இது நல்ல நிலமெல்லோ?"

"போன வருசத்தை விடும். சோளகக் காத்து நாலு நாளா ஒரே பக்கத்தாலை தள்ளுது. கடல் கீழாலை ஊறி வருது. மேலாலை பார்த்தால் தெரியாது. ரெண்டு மூண்டு சுத்துத் தாங்கும், பிறகு தோல் உடையும்."

புறப்படும்போது அவர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். "நாளைக்குக் காலமை எங்கடை கோயிலிலை ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன், போகாமல் ஏலாது. ஓட்டம் தொடங்க முதல் வந்திடுவன். அதுமட்டும் மட்டையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி."

"ஓம் அண்ணை" என்றேன்.

ஞாயிறு காலை எங்கள் தலைவர் வந்தார். அவர் ஒரு அப்புக்காத்து, கோட்டில் வழக்குப் பேசுகிற குரலிலேதான் வீட்டிலும் பேசுவார். வளைவைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன காணும் இது? பெரியவர் பார்க்க வாறது கார் ஓட்டமோ, மாப்பிள்ளை ஊர்வலமோ? அவருக்கு முன்னாலை எல்லாரும் உருட்டிக்கொண்டு போறதோ?"

"நிலம் சரியில்லையாம், ஐயா."

"ஆர் சொன்னது? உமக்குத் தெரியாதோ? நீர்தானே தடப் பொறுப்பாளர்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை விழுத்தியது. தெரியாது என்று சொல்ல என் பெருமை விடவில்லை. தலைவரின் ஜீப்பை வாங்கி அந்த இடத்தில் மெல்ல இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கி நடந்தும் பார்த்தேன், சப்பாத்தோடு. கழற்ற எனக்குப் பயமாக இருந்தது என்று இப்போது சொல்கிறேன். கழற்றினால் குளிரும் என்று எனக்குத் தெரியும். பிறகு மூன்று மட்டையையும் பிடுங்கி, யாரும் காணாமல் ஜீப்பின் பின்னால் சாக்குக்குக் கீழே வைத்தேன். தரவையண்ணை வந்ததும் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டம் எட்டுச் சுற்று. பெரியவர் வேளைக்கே வந்துவிட்டதால், அறிவித்த நேரத்துக்கு முன்னமே தொடங்கிவிட்டோம். ஆறாவது சுற்று ஓடிக்கொண்டிருக்க, தரவையண்ணை வந்து சேர்ந்தார். பூசை உடுப்போடு, சைக்கிளைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். எனக்குக் கையில் சிவப்புக் கொடி. அதை உயர்த்தினால் எல்லாக் காரும் நிற்கும். உயர்த்துகிற அதிகாரம் எனக்கு மட்டும்தான்.

"தம்பி, மட்டை எங்கை?"

நான் வளைவைப் பார்த்தேன்.

"மட்டை எங்கை எண்டு கேக்கிறன்! கொடியைத் தூக்கும்! தோல் உடைஞ்சு போச்சு, கறுத்துக் கிடக்குது பாரும்!"

கறுத்துத்தான் கிடந்தது. நானும் கண்டேன். பந்தலில் பெரியவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் தலைவர் சிரித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்:

"இன்னும் ரெண்டு சுத்துத்தான் அண்ணை."

தம்பிமாரே, இந்தத் தொழிலில் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். ஒரு மனிதன் ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த மூச்சில் நான் நிலத்தைப் பற்றி யோசிக்கவில்லை, காருக்குள் இருந்தவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், மட்டை வெளியே வரும், நான் குறைந்து போவேன். இதைத்தான் யோசித்தேன்.

ஊர்காவற்றுறை நடராசாவின் ஒஸ்ரின் கார் முன்னால் வந்தது. நல்ல ஓட்டக்காரன், இருபத்தெட்டு வயது, அந்தக் காரை வைத்துத்தான் தாயையும் மூன்று தங்கச்சிமாரையும் பார்த்தான். முன்சில்லு உள்ளே இறங்கியது, கார் தலைகீழாகப் பிரண்டது. நான் கொடியை உயர்த்தினேன். அப்போது உயர்த்தினேன்.

எல்லோருக்கும் முன்னால் ஓடியது தரவையண்ணைதான். காரை நிமிர்த்தியதும் அவர்தான், நடராசாவைத் தோளில் போட்டுத் தூக்கியதும் அவர்தான். பூசை உடுப்பு முழுக்கச் சேறும் இரத்தமும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நடராசாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை விசாரணை. ஒரு மேசை, மூன்று கதிரை, நடுவில் தலைவர். தரவையண்ணையை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"அந்த வளைவிலை மட்டை நட்டனீரோ?"

"நட்டனான். மூண்டு."

"ஒருத்தரும் காணேல்லையே. சாட்சி இருக்கோ?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. வழக்குத் தவணைக்கு வந்த சாட்சியைக் காட்டுகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்: "தம்பி நிண்டவர். தம்பிக்குத் தெரியும்."

அந்த மட்டைகளை ஞாயிறு காலை தானும் கண்ட தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"நான் காணேல்லை" என்றேன்.

கொடியைப் பற்றி அவர் இனிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல் வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஞானஸ்நான அவசரத்தில் மட்டை நட மறந்துபோய் ஒரு பெடியனின் காலை எடுத்தவன் என்று தீவு முழுக்கக் கதை பரவியது. படகை எந்தப் பக்கம் இழுத்து ஏற்றலாம் என்று அதுவரை அவருடைய காலைக் கேட்டுச் செய்த ஆட்கள், அவர் காதுபட, "தரவையண்ணையைக் கேளுங்கோ, மறக்காமல் சொல்லுவார்" என்று பகிடி பண்ணினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கச்சேரிக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் தாங்கினேன். பிறகு ஒரு சனிக்கிழமை மண்டைதீவுக்குப் போனேன். அவர் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. காரைத் தூக்கினாப் பிறகு பார்த்தனான், மூண்டு குழி கிடந்தது. மட்டை நடாமல் குழி எப்பிடி வரும்?"

"அப்ப ஏன் அண்ணை விசாரணையிலை சொல்லேல்லை? குழியையும் சொல்லேல்லை, கொடியையும் சொல்லேல்லை?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் சொல்லுவீர் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான்."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். "அதை எனக்குச் சொல்லி என்ன வரப்போகுது?" என்றார். "எனக்குத் தெரிஞ்ச விசயத்தை எனக்கே சொல்லுறீர். தெரியாத ஆக்களுக்குச் சொல்லும். அடுத்த ஓட்டத்திலை, சனம் நிக்கேக்கை, மைக்கிலை சொல்லும். நடராசாவும் கேக்க வேணும். நீளமாய் வேண்டாம். ஆர் நட்டது, ஆர் புடுங்கினது, அவ்வளவும் காணும்."

"ஓம் அண்ணை" என்றேன். அவருக்கு நான் சொன்ன இரண்டாவது ஓம் அது.

அடுத்த ஓட்டத்துக்கு அவர் வந்தார். வெள்ளைச் சேட்டு, வார்ந்த தலை, சனத்தின் கரையில் தனியாக நின்றார். அந்த வருடம்தான் என்னைக் கழகச் செயலாளராக்கியிருந்தார்கள். மைக் என் கையில். கிண்ணம் தந்தவருக்கு நன்றி சொன்னேன், பந்தல் போட்டவருக்குச் சொன்னேன், தேத்தண்ணிக்காரருக்குச் சொன்னேன். அவருடைய கண் என்னை விடவில்லை. இனி அந்த இரண்டு வரியும்தான் மிச்சம். நான் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி மைக்கை நிறுத்தினேன். சனம் கலைந்து முடியும்வரை அவர் அந்த இடத்திலேயே நின்றார், ஏதோ மறந்துபோனதை நான் திரும்பி வந்து சொல்லக்கூடும் என்பது மாதிரி.

அதற்கு அடுத்த வருடமும் வந்தார். அதே வெள்ளைச் சேட்டு. நான் அன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் வரவில்லை.

இடையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வெறுங்காலோடு தடம் பார்ப்பது, குளிர்கிற இடத்தில் மட்டை நடுவது, இவையெல்லாவற்றையும் அழகாக எழுதி விதியாக்கினேன். "தடம் பற்றி அவரைப்போலத் தெரிந்தவர் இல்லை" என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

எழுபதுகளில் சாமான் இறக்குமதி நின்றது. ரயர் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, ஓட்டமும் நின்றது. அந்த நாட்களில் ஒன்றில்தான் அவர் நெஞ்சு நோவில் போய்விட்டார். செத்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தி, "கழகத்து ஐயா வந்திருக்கிறார், கதிரை போடுங்கோ" என்றார். நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டார்கள். நான் அதில் இருந்தேன். தேத்தண்ணியும் குடித்தேன். சுற்றி அத்தனை சனம் இருந்தது, மைக்கே தேவையில்லை. வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்குப் பாடமென்று ஒன்று சொல்ல வேண்டும். தெரிந்த ஆள் நிறுத்தச் சொன்னால் முதலில் கொடியை உயர்த்துங்கள், பிறகு யோசியுங்கள், பிறகு சண்டை பிடியுங்கள். தப்பாக நிறுத்திய ஓட்டத்தைத் திரும்ப ஓடலாம். ஆனால் என் பாடம் அதுவுமல்ல. கொடியைத் தூக்காதது ஒரு மூச்சுப் பிழை, பயந்தவன் யாரும் விடக்கூடியது. "காணேல்லை" என்றது பிழையல்ல. அதை நான் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்துகொண்டு வந்தேன்.

போன கிழமை, இதை எழுத உட்காருவதற்கு முதல், ஊர்காவற்றுறைக்குப் போய் நடராசாவைக் கண்டேன். துறைக்குப் பக்கத்தில் ரயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவரை வாங்குப் பலகையில் இருத்தி, நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. அவர் கையிலிருந்த ரியூப்பை மடித்து மடித்து வைத்தார்.

"ஐயா, ஒருக்கா பஸ்ஸுக்குள்ளை அந்த மனிசன் என்னைக் கண்டிட்டு எழும்பிச் சீற் விட்டவர். நான் இருக்கேல்லை. அவன் விட்ட சீற் எனக்கு வேண்டாமெண்டு, மண்டைதீவுச் சந்தியிலையிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் ஒத்தைக் காலிலை நிண்டுகொண்டு வந்தனான். அவரும் இருக்கேல்லை. ரெண்டு பேருக்கும் நடுவிலை அந்தச் சீற் வெறுமையாக் கிடந்தது."

கண்ணைத் துடைத்தார்.

"அதை நான் இனி ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

ஆவணி ஓட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்டேன். வருவதாகச் சொன்னார்.

அன்று மைக்கை என்னிடம் தருவதாகச் செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். என்னை எனக்குத் தெரியும். இந்த வயதிலும் சனத்தைக் கண்டால் மறுபடி நன்றி மட்டும் சொல்லி மைக்கை நிறுத்திவிடக்கூடியவன் நான். அப்படி நடந்தால் உங்களில் ஒருவர் என் கையிலிருந்து மைக்கைப் பறித்து, நடராசாவுக்குக் கேட்கும்படி இந்த இரண்டு வரியையும் வாசித்துவிடுங்கள்:

மூன்று மட்டையையும் நட்டவர் மண்டைதீவு மரியாம்பிள்ளை சூசைதாசன்.

பிடுங்கினது நான்.